மஞ்சள் தடவிய கட்டைவிரல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரல் துண்டாகிப் போனால் அதை உப்பு மஞ்சள் போட்டுக் கழுவாதீர்கள். ஐஸுக்குள் நேராகப் போடாதீர்கள். இந்த இரண்டையும் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். மற்றதெல்லாம் என் ஆச்சரியம் இன்னும் அடங்காததால் எழுதுவது. படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

எனக்கு ஓடைப்பட்டியில் கறிக்கடை. வெள்ளாட்டுக்கறி மட்டும்தான். ஆட்டை அறுத்துக் கொடுக்க ஒரு பாய் வருவார். உரிப்பது, வெட்டுவது, நிறுப்பது எல்லாம் நான். கூடமாட என் மச்சினன் செல்லப்பாண்டி, அதாவது என் வீட்டுக்காரி பாண்டியம்மாளின் தம்பி. நல்ல உழைப்பாளி, ஆனால் வாய் ஓயாது. என் வாயும் ஒன்றும் குறைச்சல் இல்லை என்று ஊரில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

எங்கள் தொழிலில் ஒரு திமிர் உண்டு. கண்ணால் பார்த்து வெட்டுகிறவனைப் புது ஆள் என்போம். விரலால் தடவி வெட்டுகிறவன்தான் கைதேர்ந்தவன். இடது கைக் கட்டைவிரல் எலும்பின் மேல் ஓடி மூட்டு எங்கே இருக்கிறதென்று தேடும். ஆட்டுக்கு ஆடு அது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். விரல் கண்டுபிடித்த இடத்தில் வலது கை கத்தியை இறக்கும். விரல் விலகுவதும் கத்தி இறங்குவதும் ஒரே மூச்சில் நடந்துவிடும். எலும்பு நொறுங்காது, சில்லு தெறிக்காது. ‘சில்லு இல்லாத கறி வேணும்னா அங்கன போ’ என்று எனக்குப் பேர். அந்தப் பேருக்காக இத்தனை வருஷம் கத்திக்கு முன்னால் விரலை நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பது விரல் போகிற வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை.

அது ஒரு தீபாவளி. எல்லோர் கையிலும் செல்போன் வராத காலம். இருட்டோடு ஆரம்பித்த கூட்டம் வெயில் ஏறியும் குறையவில்லை. கையெல்லாம் கொழுப்பு வழுக்குகிறது. வெட்டுகிற புளியங்கட்டை நடுவில் குழி விழுந்து லேசாக ஆட்டம் கொடுத்துக்கொண்டிருந்தது. பண்டிகை முடியட்டும், மாற்றலாம் என்று தள்ளிப் போட்டிருந்தேன். ஒரு அம்மா, “அண்ணே, நல்லி ரெண்டு சேத்துப் போடுங்கண்ணே, போன தடவ ஏமாத்திப்புட்டீக” என்றது. யாரை யார் ஏமாற்றினது என்று கேட்க நிமிர்ந்தேன். விரல் எலும்பின் மேல்தான் இருந்தது. கை அதுபாட்டுக்குக் கத்தியை இறக்கிவிட்டது.

வலிக்கவில்லை. கை லேசான மாதிரி இருந்தது, அவ்வளவுதான். “ஆத்தாடி!” என்று அந்த அம்மா அலறின பிறகுதான் குனிந்து பார்த்தேன். கட்டைவிரல் கணுவுக்குக் கீழே துண்டாகி, கறித்துண்டுகளோடு கறித்துண்டாகக் கிடந்தது. நகம் இருந்ததால்தான் எது என் விரல் என்று தெரிந்தது. அந்தக் கறியை அப்புறம் யாரும் வாங்கவில்லை.

செல்லப்பாண்டி பதறினாலும் ஒரு நல்ல காரியம் செய்தான். தோளில் கிடந்த துண்டை வெட்டுப்பட்ட இடத்தில் வைத்து அழுத்திக் கட்டி, “மச்சான், கையத் தலைக்கு மேல தூக்கிப் பிடிங்க, கீழ விடாதீக” என்றான். இதை டாக்டர்களே பின்னால் பாராட்டினார்கள். அடுத்து அவன் செய்ததுதான் வினை. மிஞ்சின கறியை உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரில் அலசி, பக்கத்து மீன்கடை ஐஸ் பெட்டியில் வைப்பது எங்கள் வழக்கம். சாயங்காலம் வரைக்கும் தாங்கும். விரலையும் அவன் அதே தண்ணீரில் போட்டு, அழுக்குப் போகத் தேய்த்துத் தேய்த்து அலசினான். பிறகு மீன்கடைப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து, அதிலிருந்த ஐஸ்கட்டிகளுக்கு நடுவில் புதைத்தான். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். தப்பென்று எனக்கும் தோன்றவில்லை. “நல்லா உள்ள தள்ளுலே, மேலாகக் கிடந்தா கெட்டுப்போகும்” என்று சொன்னதே நான்தான்.

திராட்சை வியாபாரி ஒருவர் தன் ஜீப்பைக் கொடுத்தார். பாண்டியம்மாள் தலையில் வைத்த எண்ணெயோடு, குளிக்காமல் ஓடி வந்து ஏறினாள். வழியெல்லாம் வெடிச் சத்தம். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என் முழங்கையைத் தன் தோளில் தாங்கி, கை கீழே இறங்காமல் பிடித்துக்கொண்டே வந்தாள். சின்னமனூர் தாண்டும்போதுதான் வலி வந்தது. வந்தது என்று எழுதிவிட்டேன், அப்படி எழுதினால் அதற்கு மரியாதை இல்லை. எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் தீர்ந்து, செல்லப்பாண்டியைக் கேட்டுப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

தேனி ஆஸ்பத்திரியில் பண்டிகை நாள் என்று ஒரே ஒரு டாக்டரம்மாதான் இருந்தார்கள். சின்ன வயசு. என் கைக்குக் கட்டுப் போட்டு, ஊசி போட்டுவிட்டு, “துண்டான விரல் எங்க?” என்றார்கள். செல்லப்பாண்டி பெருமையாக மீன் பெட்டியைத் திறந்தான்.

“இது என்ன, மஞ்சளா?”

“ஆமாங்க டாக்டர். உப்பும் போட்டு நல்லாக் கழுவித்தான் கொண்டாந்திருக்கோம். கெடாது.”

“கெடாதா! யாருய்யா இதச் சமைக்கப் போறா?”

செல்லப்பாண்டி முகம் செத்துப்போயிற்று. டாக்டரம்மா கோபத்தோடே கை வேலையும் செய்தார்கள், வாய் வேலையும் செய்தார்கள். விரலை ஐஸிலிருந்து எடுத்து, சலைன் தண்ணீரில் மெதுவாக அலசினார்கள். சலைன் என்றால் குளுக்கோஸ் பாட்டில் மாதிரித் தொங்குமே, நம் ரத்தத்தில் இருக்கிற அளவு மட்டுமே உப்பு சேர்த்த சுத்தமான தண்ணீர். அதில் நனைத்துப் பிழிந்த துணியில் விரலைச் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு இறுக்கக் கட்டி, அந்தப் பையை இன்னொரு பையில் இருந்த ஐஸ் மேல் வைத்தார்கள். “விரலுக்குக் குளிர்ச்சிதான் வேணும், ஐஸ் மேல படக்கூடாது. பட்டா உள்ள இருக்கற ரத்தக்குழாய் வெந்து போன மாதிரி ஆயிரும். உங்க உப்பு அதுல இருக்கற ஈரத்த உறிஞ்சிரும். மஞ்சள் தூள் குழாய்க்குள்ள போய் அடைச்சுக்கும். புரியுதா?”

“எதுக்குங்க டாக்டர் இம்புட்டும்? அடக்கம் பண்ணத்தான?” என்றான் செல்லப்பாண்டி, அழாத குறையாக.

“ஒட்ட வைக்க.”

நாங்கள் மூன்று பேரும் அந்த அம்மாவையே பார்த்தோம். நான் எத்தனை ஆடு வெட்டியிருப்பேன், கணக்கே கிடையாது. வெட்டினதை ஒட்ட வைக்கலாம் என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகச் சொன்னது அன்றைக்குத்தான். வலியில் புத்தி மாறிக் கேட்கிறேனோ என்றுகூட நினைத்தேன். அவர்கள் அதற்குள் மதுரைக்கு போன் போட்டு, கை ஆபரேஷன் பண்ணுகிற டாக்டர் ஒருவரை வீட்டிலிருந்து கிளம்பச் சொல்லிவிட்டார்கள்.

மதுரையில் அந்த ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போய்ச் சேரவும் அவர் வரவும் சரியாக இருந்தது. புதுச் சட்டை. காலர் ஓரத்தில் மஞ்சள் வைத்திருந்தார், பண்டிகைக்குத் துணி உடுத்தும்போது வைப்போமே, அது. பையைப் பிரித்து விரலைப் பார்த்தார். நகக்கண்ணில் எங்கள் மஞ்சள் இன்னும் போகவில்லை.

“என்னய்யா, தீபாவளிக்கு விரலுக்கும் மஞ்சள் வச்சுக் கூட்டியாந்திருக்கீங்க?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். “பாருங்க, வெட்டு சுத்தமா விழுந்திருக்கு. கத்திய நல்லாத் தீட்டி வச்சிருக்கீங்க, அது ஒங்களக் காப்பாத்திருச்சு. மொட்டைக் கத்தியா இருந்தா நசுங்கிப் போயிருக்கும். அரைக்கிற மெஷின்ல மாட்டிருந்தா நான் தொட்டே இருக்க மாட்டேன். ஆனா ஐஸும் உப்பும் உள்ள என்ன பண்ணிருக்குன்னு மைக்ராஸ்கோப் வச்சுப் பாத்தாத்தான் தெரியும். கட்டைவிரல்ங்கிறதால முயற்சி பண்றேன். வேற விரலா இருந்தா மூடித் தச்சு அனுப்பிருப்பேன். கையோட பாதி வேலை கட்டைவிரல்தான் பாக்குது.”

“ஒட்டலைன்னா?” என்று பாண்டியம்மாள் கேட்டாள். ஓடைப்பட்டியிலிருந்து அவள் பேசின முதல் வார்த்தை அது.

“கத்தி பிடிக்கிற கை வலது. ஆனா கறியப் பிடிக்கிறது இதுதான். இந்தத் தொழில் செய்ய முடியாதும்மா.”

எனக்கு வேறு தொழில் தெரியாது. சட்டைப் பித்தான் போடக்கூட அடுத்தவரைக் கூப்பிட வேண்டியிருக்குமே என்ற நினைப்புதான் அப்போது பெரிதாக வந்தது. பாண்டியம்மாள் முன்னால் அழக்கூடாது என்று கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவள் தன் சேலைத் தலைப்பால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, “கொழுப்புப் பட்டிருக்கு” என்றாள்.

மயக்கம் கொடுக்கவில்லை. அக்குளில் ஊசி போட்டுக் கை முழுக்க மரத்துப்போக வைத்தார்கள். கை எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது, ஆனால் விழித்துக்கொண்டிருந்தேன். நடுவில் பச்சைத் துணி. டாக்டர் பெரிய மைக்ராஸ்கோப்புக்குள் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பார்ப்பது சுவரில் இருந்த டிவியில் தெரிந்தது. படிக்கிற பிள்ளைகளுக்காக வைத்தது போல. “பயமா இருந்தா கண்ண மூடிக்கங்க” என்றார். நான் கறிக்கடைக்காரன், கறியைப் பார்க்க எனக்கென்ன பயம் என்றேன்.

முதலில் எலும்பைச் சேர்த்துக் கம்பி ஏற்றினார்கள். டிரில் சத்தம் கேட்டது, தச்சுப்பட்டறை மாதிரி. பிறகு விரலை மடக்குகிற நாணைத் தைத்தார்கள். அதுவரை எனக்குப் பழக்கமான சாமான்கள்தான். அதற்கு அப்புறம் டிவியில் ஒன்று தெரிந்தது. பெரிய குழாய் மாதிரி, வாய் திறந்து, வெள்ளையாக.

“அது என்னங்க டாக்டர்?”

“தமனி. ரத்தம் உள்ள போற குழாய். டிவியிலதான் பெருசு. நெசத்துல சேமியா மொத்தம்கூட இருக்காது.”

“நாங்க நரம்புன்னு சொல்லிப் பிச்சுப் போடுவோம்.”

“நீங்க எல்லாத்தையும் நரம்புன்னுதான் சொல்வீங்க. விரல இழுக்கற கயிறு தனி. ரத்தம் உள்ள போற குழாய் தனி. வெளிய வர்ற குழாய் தனி, அதுக்குச் சிரைன்னு பேரு. நெசமான நரம்பு வேற, சுடுது வலிக்குதுன்னு மூளைக்குச் சொல்றது அது. நாலையும் நாலு விதமாத் தைக்கணும்.”

அந்தக் குழாயைத் தைத்த நூல் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தலைமுடியைவிட மெல்லிசாம். டிவியில் மட்டும் தெரிந்தது. அந்தக் குழாயின் வாய் ஓரத்தைச் சுற்றி அவர் ஒவ்வொரு தையலாகப் போட்டார், அவர் கை நடுங்குகிறதா என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன், நடுங்கவில்லை. ‘நரம்பு இல்லாமப் போடுங்க’ என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள், எத்தனை ஆட்டில் இதை நகத்தால் கிள்ளி எறிந்திருப்பேன். தொழில் தெரிந்தவன் என்று இத்தனை வருஷம் காலரைத் தூக்கிவிட்டுத் திரிந்தவனுக்கு, உள்ளே இருந்தது எதுவுமே தெரியாமல் இருந்திருக்கிறது.

தைக்கும் முன்னால் பார்த்தபோது தமனிக்குள் மஞ்சள் துகள் இருந்தது. டிவியில் பெரிய கல் மாதிரி தெரிந்தது. ஊசி முனையில் தண்ணீரைப் பீய்ச்சிப் பீய்ச்சி அதை வெளியே எடுத்தார். ஒரு பக்கத்துக் குழாய் உப்பில் சுருங்கிப் போய்விட்டதாம், அதை வெட்டிவிட்டு மணிக்கட்டிலிருந்து ஒரு துண்டுக் குழாயை எடுத்து இணைத்தார். கடைசியில், “ரத்தத்த நிறுத்தி வச்சிருந்த கவ்விய எடுக்கிறேன். இப்பப் பாருங்க” என்றார்.

பச்சைத் துணியைக் கொஞ்சம் தாழ்த்தினார்கள். என் கையைப் பார்த்தேன். அதில் விரல் மெழுகு மாதிரி வெளுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. டாக்டர் வெதுவெதுப்பான தண்ணீரை அதன் மேல் ஊற்றிக்கொண்டே இருந்தார். பிறகு அடியில், தையல் போட்ட இடத்தில், லேசாக ஒரு ரோஸ் நிறம் ஏறியது. மேலே நகர்ந்தது. கணுவைத் தாண்டியது. நகத்துக்கு அடியில் போய் நின்றது.

உயிருள்ளது கறியாவதை நான் தினமும் பார்த்தவன். சிவப்பு எப்படி மங்கும், எப்போது விறைக்கும், எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த வழியில் திரும்பி வருகிற ஒன்றை நான் பார்த்ததே இல்லை. கறியாகக் கிடந்தது மறுபடி நானாக ஆகிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்து, மரத்துப் போகாத வலது கையை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டேன். யாரைக் கும்பிட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. டாக்டரையா, சாமியையா, அந்த விரலையேவா.

“கும்புடறதெல்லாம் அப்பறம். இன்னும் முடியல” என்றார் டாக்டர்.

முடியவில்லைதான். வார்டில் என் கைக்கு மேல் ஒரு குண்டு பல்பை எரிய விட்டார்கள், குளிர்ந்தால் குழாய் சுருங்குமாம். காபி கிடையாது. பீடி சிகரெட் குடிக்கிறவர்கள் அறைக்குள்ளேயே வரக்கூடாது, அந்தப் புகையும் குழாயைச் சுருக்குமாம். செல்லப்பாண்டி பீடி குடிப்பான். ஆகவே அவன் வராந்தாவிலேயே கிடந்தான். அங்கிருந்தே, “அக்கா, உசுரு இருக்கா?” என்று கேட்பான். என் உயிரைப் பற்றி இல்லை, விரலின் உயிரைப் பற்றி.

சிஸ்டர் கேரளத்துப் பெண். கம்பம் பக்கத்து ஆள் என்று தெரிந்ததும் என்னிடம் பாதி மலையாளத்தில்தான் பேசுவார்கள். “சேட்டா, கை அனக்கண்டா” என்று அசைக்கக்கூடாது என்பதைச் சொல்லிச் சொல்லியே போவார்கள். அடிக்கடி வந்து நகத்தை அழுத்துவார்கள். அழுத்தினால் வெளுக்கும், விட்டால் சிவக்கும். சிவக்கிறதா என்று நான் அவர்கள் முகத்தைத்தான் பார்ப்பேன். ஒரு தடவை அழுத்தி விட்டவர்கள் முகம் மாறியது. விரல் நாவல்பழ நிறத்துக்குப் போயிருந்தது, வீங்கியும் இருந்தது.

டாக்டர் ஓடி வந்தார். ரத்தம் உள்ளே போகிறது, வெளியே வரவில்லை என்றார். அந்தச் சிரைகள் தமனியைவிட மெல்லிசு, ஐஸ் பட்டதில் கெட்டிருந்ததால் தைத்த இடத்தில் இரண்டு அடைத்துக்கொண்டன. அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பாண்டியம்மாள் குறுக்கிட்டாள். அவள் பிறந்த வீட்டில் திராட்சைத் தோட்டம் உண்டு.

“வாய்க்கா ஓடுது, வடிகாலு அடைச்சுக்கிருச்சு. அதானங்க டாக்டர்? தண்ணி நின்னா வேரு அழுகிப்போகும்ல?”

டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். “அதேதான். இப்ப நாமளா ஒரு மடை வெட்டி விடணும்.”

நகத்தை எடுத்துவிட்டார். அடியில் லேசாகச் சுரண்டினார். கறுத்த ரத்தம் சொட்டியது. அதை உறைய விடக்கூடாது. ஹெப்பாரின் என்று ஒரு மருந்து, ரத்தத்தை உறையாமல் வைப்பது, அதில் நனைத்த பஞ்சால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எவ்வளவு நாள் என்றேன். விரலே புதிதாகச் சின்னச் சின்ன வழிகளை உள்ளுக்குள் உண்டாக்கிக்கொள்ளும் வரைக்கும் என்றார். யார் உண்டாக்குவது என்றேன். “ஒங்க உடம்புதான். நாங்க யாரும் போய்ச் செய்ய முடியாது. அது செஞ்சா உண்டு.”

சிஸ்டர் வேலை நெருக்கும்போது பாண்டியம்மாள் அந்தப் பஞ்சை வாங்கிக்கொள்வாள். கையுறை மாட்டி, எப்படித் துடைப்பது என்று கற்றுக்கொண்டுவிட்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது, அந்த விரலில் உணர்ச்சியே இல்லை. ரத்தம் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். எனக்குக் கிறக்கம் வந்தது. ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். சேதி கேட்டு, என்னிடம் ஆடு விற்கிற வியாபாரிகள் இரண்டு பேர் தேனியிலிருந்து பஸ் பிடித்து வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். சந்தையில் பல்லைக் கடித்துக்கொண்டு விலை பேசுகிறவர்கள், அன்றைக்கு ஒருவர் என் தலைமாட்டில் ஆரஞ்சுப்பழம் வைத்துவிட்டு, “எந்திரிச்சு வாய்யா, ஒன்னயத் திட்டாம எனக்குப் பொழுது போகல” என்றார். பில் விஷயத்தை எழுத ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிடும், அதை விடுங்கள்.

பாண்டியம்மாள் குனிந்து துடைக்கும்போது விரலோடு பேசுவாள். “வந்துரு ஆத்தா, வந்துரு” என்பாள். எனக்கு எரிச்சல்.

“ஏண்டி, அதுக்கு என்ன காதா இருக்கு?”

“ஒங்களுக்குந்தான் காது இருக்கு. கட்டைய மாத்துங்க, கட்டைய மாத்துங்கன்னு எத்தன தடவ சொன்னேன், கேட்டீகளா?”

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஒரு காலையில் அவள் துடைத்த பஞ்சைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கறுப்பு இல்லை, நல்ல சிவப்பு. விரல் வீக்கம் வற்றிச் சுருக்கம் விழுந்திருந்தது. டாக்டர் பேனா மாதிரி ஒரு கருவியை அதன் மேல் வைத்தார். டாப்ளர் என்று பேர், ரத்த ஓட்டத்தைச் சத்தமாக மாற்றுவது. ‘உஷ்… உஷ்…’ என்று அறை முழுக்கக் கேட்டது. என் விரலின் சத்தம். ஒரு மனுஷனும் சொல்லிக் கொடுக்காமல், வெளிச்சமே இல்லாத இடத்தில், என் உடம்பு அதற்கான வழியைத் தானே உண்டாக்கியிருக்கிறது. நான் தூங்கும்போதும், சாப்பாடு சரியில்லை என்று கத்தும்போதும், அது பாட்டுக்கு வேலை செய்திருக்கிறது. பாண்டியம்மாள் வராந்தாவுக்குப் போய்த் தம்பியிடம், “உசுரு இருக்குடா” என்றாள். அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து விம்மி விம்மி அழுதது உள்ளே எனக்குக் கேட்டது. “ஏலே, அழுகைய நிறுத்து, நான்தானலே உள்ள தள்ளச் சொன்னேன்!” என்று இங்கிருந்தே கத்தினேன். பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஐஸ் பட்ட மேல்தோல் கறுத்து உரிந்தது. அடியில் பச்சைப்பிள்ளைத் தோல் மாதிரி இருந்தது. ஊருக்கு வந்தோம். கம்பியையும் எடுத்தாயிற்று. கடையைச் செல்லப்பாண்டி பார்த்துக்கொண்டான், ஆனால் நான் படுக்கையில் இருந்தே சட்டம் போட்டுவிட்டேன். ஆடாத புதுக் கட்டை. கறியைப் பிடிக்க விரல் இல்லை, இரும்புக் கொக்கி. ரெண்டு வெட்டுக்கு ஒரு தடவை கையையும் பிடியையும் துணியில் துடைக்க வேண்டும். வெட்டுகிறவனிடம் யாரும் பேசக்கூடாது, பேச வேண்டுமென்றால் முதலில் கத்தி கட்டையில் இறங்க வேண்டும். டாக்டர் சொல்லி, மெல்லிய கம்பி வளையங்களால் பின்னின கையுறை ஒன்றும் வாங்கி வந்தோம். அதை மாட்டிக்கொண்டு அவன் நின்றால், “என்ன செல்லப்பாண்டி, கறி வெட்டவா, சண்டைக்குப் போகவா?” என்று ஊரே கேலி பண்ணியது. பண்ணட்டும்.

எனக்கு விரல் இருந்தது, ஆனால் அது என்னுடையதாக இல்லை. மடங்கியது, நீண்டது. தொட்டால் தெரியாது. ஒரு நாள் அடுப்படியில் ஏதோ கருகுகிற வாடை வந்து, என்னவென்று தேடினால் என் கட்டைவிரல் தோசைக்கல்லின் ஓரத்தில் இருந்தது. கொப்பளித்த பிறகும் வலிக்கவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார். “நரம்பு தச்ச இடத்துலேர்ந்து தானா வளந்து வரணும். தினம் ஒரு துளி வளரும். நுனி வரைக்கும் வந்தாலும் வரும், பாதியிலயே நின்னாலும் நிக்கும். அது வர்ற வரைக்கும் நீங்க கத்தியத் தொடக்கூடாது. மறுபடியும் வெட்டிக்குவீங்க, வெட்டினது தெரியக்கூடத் தெரியாது.”

மாதா மாதம் மதுரைக்குப் போனோம். கண்ணை மூடச் சொல்லி ஊசி முனையால் குத்துவார். குத்தினால் சொல்ல வேண்டும். எனக்குக் கடைக்குப் போகிற அவசரம். “குத்துறீக, குத்துறீக” என்று குத்துமதிப்பாக அடித்துவிடுவேன். “நான் இன்னும் ஊசியவே எடுக்கலய்யா” என்பார் அவர். பாண்டியம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள். திரும்பி வருகிற பஸ்ஸில் ஆண்டிபட்டி வருகிற வரைக்கும் நான் அந்த விரலை மறு கையால் நிமிண்டிக்கொண்டே வருவேன். மரக்கட்டையை நிமிண்டுகிற மாதிரி இருக்கும். அடுத்த தீபாவளியே நெருங்கிவிட்டது. இனி வராது என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன், அவளிடம் சொல்லவில்லை.

அந்தத் தடவை ஓ.பி.யில் நல்ல கூட்டம். கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். பொய் சொல்லவும் மனசில்லை, சும்மா இருந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. ஆட்டு விலை என்ன ஆயிற்றோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சுருக்கென்றது.

“அட நாசமாப் போறவனே!” என்று கத்திக்கொண்டு கையை வெடுக்கென்று இழுத்தேன். கண்ணைத் திறந்தால் கூட்டம் முழுக்க என்னையே பார்க்கிறது. இவ்வளவு பெரிய டாக்டரை என்ன வார்த்தை சொல்லிவிட்டோம் என்று எனக்கு வேர்த்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். விரல் நுனியில் கடுகு மாதிரி ஒரு சொட்டு ரத்தம் நின்றது.

பாண்டியம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, விரலை அவர் முன்னால் நீட்டினாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

“அய்யா, எனக்கு நம்பிக்கை வரல. இன்னொரு தடவ குத்துங்கய்யா.”

குத்தினார். வலித்தது.